இடப்பக்கம்

குருவேயில் ஆகஸ்ட் காற்று
தாள் கிழிப்பதுபோல் வரும்.
தகரக் கொட்டகைக்கு வெளியே, முசாசா மரத்தடியில்
கல்லை நிமிர்த்தி வைத்திருந்தேன்.
மலையடியிலிருந்து மாட்டுவண்டியில் வந்த சர்ப்பக்கல்,
என் இடுப்புயரம்,
வெளித்தோல் துருப்பிடித்த பழுப்பு.
உள்ளே என்ன நிறமென்று அது இன்னும் சொல்லவில்லை.

எக்னெட்டி வந்தாள்.
பேருந்து நிலையத்தில் வேர்க்கடலை விற்பவள்.
"என்னைச் செதுக்கு" என்றாள்,
கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்பவள் போல.
சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டினாள்.
உள்ளாடையையும்.
இடப்பக்கம் ஒரு கோடு,
அக்குளிலிருந்து நெஞ்செலும்புவரை,
அவசரத்தில் தைத்த சாக்கின் வாய்.

பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
உளியைத் தீட்டினேன்.
ஏற்கெனவே தீட்டிய உளி.

"அழுகிற முகம் வேண்டாம்.
வானத்தைப் பார்க்கிற முகமும் வேண்டாம்.
ஹராரே பஸ் இரண்டு மணி நேரம் தாமதம் என்றால்
ஒருத்தி எப்படி நிற்பாளோ
அப்படி."

ஒன்பது நாள் நின்றாள்.
நின்றபடியே கடலை உரித்தாள்.
மருத்துவமனைக் கட்டிலின் எண்ணைச் சொன்னாள்.
பக்கத்துக் கட்டில்காரி இரவல் வாங்கி
திருப்பித் தராமலே போன சீப்பைச் சொன்னாள்.
வெளியே போகும்போது
கேழ்வரகு திணித்த துணிப்பையை உள்ளே வைப்பாளாம்;
ஒரு மழைக்காலத்தில் அது முளைவிட்டதாம்.
கணவன் விளக்கை அணைக்கக் கற்றுக்கொண்டதைச்
சொல்லிவிட்டு
உள்ளங்கையில் கடலைத்தோலை ஊதினாள்.

நான் அவளுக்கு இரண்டு முலைகளும் வைத்தேன்.
ஆமாம். வைத்தேன்.
இரக்கம் என்று நினைத்துக்கொண்டேன்,
கல்தானே, கொடுத்தால் என்ன என்று.
அவள் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.
அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டபடி
மாலைவரை அரம் போட்டேன்.

பத்தாம் நாள்,
காம்புக்குக் கீழே ஒரு சிறு மேட்டைத் தட்டியபோது
உள்ளே ஓடிய இரும்புக் கீற்று,
எங்கள் எல்லோரையும்விட வயதான கீற்று,
வாய் திறந்தது.
டக்.
இடது முலை முழுதாக
கல்தூளில் விழுந்து உருண்டு
அவள் கால்விரலில் முட்டி நின்றது.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.
அவள் சிரித்தாள்.
கிளையிலிருந்து காகம் எழும்படி சிரித்தாள்.
"பாவம், இவளுக்கு மயக்க ஊசிகூடப் போடவில்லை."
உள்ளாடையை எடுத்து மாட்டினாள்,
துண்டைத் தூசி தட்டி
வெற்றுப் பக்கத்தில் செருகினாள்,
தோள் ஒரு பக்கம் சாய
முற்றத்தில் நாலடி நடந்தாள்.
"அதுவும் இப்படித்தான் கனத்தது,
கடைசி மாதங்களில்."
அப்போது மட்டும் அவள் குரல்
மாவில் அகப்பட்ட கல்போல நெரிந்தது.
துண்டை வெளியே எடுக்கவில்லை.
அப்படியே வீட்டுக்குப் போனாள்.

பிறகு வேலை என்னுடையது.
உடைந்த இடத்தில் அரம் படவிடவில்லை.
மற்றதெல்லாம் நீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்தேன்,
முரடிலிருந்து மெல்லியதாக ஏழு தாள்.
சுற்றிலும் விறகு மூட்டினேன்.
சுடாத கல் மெழுகை ஏற்காது.
சுட்ட கல்லோ
தடவத் தடவக் குடித்துக் கறுக்கும்.
உடைந்த பக்கமும் குடித்தது.
ஆனால் பளபளக்க மறுத்தது:
சாம்பல் நிறம், சொரசொரப்பு,
பூனையின் நாக்கு.

முகம்?
பஸ் வராத முகம்தான்.

டென்மார்க்கிலிருந்து வாங்க வந்தவர்
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துச் சுற்றிவந்தார்.
ஆறுதலைப் பற்றி நிறையப் பேசினார்.
பணத்தை எண்ணிய பிறகு, தயங்கி,
"அந்தத் துண்டு எங்காவது இருக்கிறதா?
ஒட்டித் தர முடியுமா?"

இருக்கிறது, ஐயா.
பஸ் நிலையத்துக்குப் பின்னால் மூன்றாவது வீடு.
காற்றில் அடித்து அடித்து மூடிக்கொண்டிருந்த கதவை
அது திறந்து வைத்திருக்கிறது.